பதினொன்றுக்கும் பதினான்குக்கும் நடுவில்

தண்ணீர் ஸ்டேஷனுக்குப் புதிதாக ஆட்கள் வந்திருக்கிறார்கள், வந்து நாலு வார்த்தை பேசுங்கள் என்று மில்லிலிருந்து கூப்பிட்டார்கள். எனக்கு நின்று பேச வராது. எழுதித் தருகிறேன், படித்துக்கொள்ளட்டும் என்றேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாவது வரை படித்தவன் நான். தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

மீட்டரை எப்படிக் கழுவுவது, எந்த வால்வை எந்தப் பக்கம் திருகுவது, இதெல்லாம் அங்கே இருப்பவர்கள் காட்டுவார்கள். அதை நான் எழுதப் போவதில்லை.

செம்பனை ஆலையில் மற்றவர்கள் எண்ணெயைப் பார்ப்பார்கள். நாம் தண்ணீரைப் பார்க்கிறோம். நம் வேலையில் இருப்பது இரண்டு சங்கதி. ஒன்று புளிப்பு, ஒன்று வழவழப்பு. புளிப்பு என்றால் ஆசிட். வழவழப்பு என்றால் காஸ்டிக், சோடா மாவு, சுண்ணாம்பு. மீட்டரில் ஏழு வந்தால் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறோம். ஏழுக்குக் கீழே போகப் போகப் புளிப்பு கூடும். மேலே போகப் போக வழவழப்பு கூடும். பி.எச். என்றால் இதுதான்.

எல்லோரும் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். பிடிக்காமல் விடுவது ஒன்று உண்டு. இந்த எண்கள் ஏணிப்படி மாதிரி இல்லை. ஐந்துக்கும் நாலுக்கும் ஒன்றுதான் வித்தியாசம் என்று கண் சொல்லும். ஆனால் நாலு, ஐந்தைவிடப் பத்து மடங்கு புளிப்பு. மூன்று, நூறு மடங்கு. மேலே போனாலும் அதே கணக்கு. ஒவ்வொரு எண்ணுக்கும் பத்து, பத்துக்குப் பத்து.

சேகர் இதைத்தான் பிடிக்காமல் விட்டான்.

சேகர் பாய்லர் பக்கம் வேலை செய்தவன். ஆள் பற்றாக்குறை என்று எங்கள் ஸ்டேஷனுக்கு மாற்றினார்கள். நல்ல உடம்பு. எப்போதும் ஒரு பேச்சு, ஒரு சிரிப்பு. லோரி லைசென்ஸ் எடுத்து வைத்திருந்தான். எண்ணெய் டேங்கர் ஓட்டப் போகிறேன், இந்த நாற்றத்தில் எவன் கிடப்பான் என்று தினமும் சொல்வான். போகவும் போயிருப்பான். டேங்கர் கம்பெனியில் பேசி வைத்திருந்தான்.

பாய்லர் தண்ணீர் பதினொன்றில் ஓடும். சேகர் அதை வெறும் கையில் பிடித்துப் பழகியவன். முகத்தில் தெறித்தால் சட்டைக் கையால் துடைத்துக்கொள்வான். அவனுக்கு ஒன்றும் ஆனதில்லை. எங்கள் காஸ்டிக் தொட்டி பதினான்கு.

"அங்க பதினொன்னு, இங்க பதினாலு. மூணுதானேண்ணே" என்றான் என்னிடம்.

"மூணு இல்லடா. ஆயிரம்."

"ஆயிரமா? யாரு போட்ட கணக்கு, ஆபீஸ் கிராணி போட்டதா?"

லேப்பில் வேலை செய்யும் மல்லிகா அப்போது சாம்பிள் எடுக்க வந்திருந்தது. "அண்ணன் சொல்றது சரிதான் சேகர். ஒன்னு ஏறுனா பத்து மடங்கு" என்றது.

"அப்படியா? அப்ப என் சம்பளத்தையும் இந்த பி.எச்.ல போடச் சொல்லு தங்கச்சி. வருஷத்துக்கு ஒன்னு ஏத்துனாப் போதும்லா."

மல்லிகா சிரித்துவிட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது. பேச்சு அதோடு முடிந்தது.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். எங்கள் தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு சுக்கா போத்தல் இருக்கும். சமையலுக்கு ஊற்றும் வினிகர்தான். மலாய்க்காரர்கள் சுக்கா என்பார்கள், நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். கையில் லேசாகக் காஸ்டிக் பட்டால் சோப்பு பூசியது போல் வழுக்கும். எவ்வளவு தேய்த்தாலும் சீக்கிரம் போகாது. கொஞ்சம் சுக்கா ஊற்றித் தேய்த்தால் வழுக்கல் நின்றுவிடும். பிறகு போய்ச் சாப்பிடலாம். யார் கொண்டுவந்த பழக்கமோ தெரியாது. நான் சேருவதற்கு முன்பே இருந்தது.

அந்த வழவழப்பு காஸ்டிக்கின் வழவழப்பு இல்லை. உங்கள் தோலில் இருக்கும் கொழுப்பைக் காஸ்டிக் சோப்பாக்குகிறது. கையில் வழுக்குவது நீங்கள்தான்.

பலம் என்ற ஒன்றையும் இந்த இடத்திலேயே சொல்லிவிடுகிறேன். பலமான ஆசிட் வேறு, கெட்டியான ஆசிட் வேறு. ரப்பர் இருந்த காலத்தில் பாலை உறைய வைக்க ஓர் ஆசிட் ஊற்றுவார்கள். அது பலமில்லாத வகை. தன்னிடம் இருக்கும் புளிப்பை ஒரேயடியாக வெளியே விடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும். ஆனால் தண்ணீர் கலக்காமல் கெட்டியாகக் கையில் பட்டால் தோல் உரிந்துவிடும். பலமில்லாதது என்று எழுதியிருக்கிறதே என்று தைரியமாகத் தொட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். காஸ்டிக் பலமான வகை. இருப்பதை எல்லாம் ஒரேயடியாக விட்டுவிடும். எங்கள் தொட்டியில் அது கெட்டியாகவும் இருந்தது.

இனி அன்றைக்கு நடந்தது.

மில்லை நிறுத்திப் பழுது பார்க்கும் நாள். பாய்லர் அணைந்திருந்தது. சுத்தத் தண்ணீர் டேங்கைக் காலி செய்து, உள்ளே இறங்கிக் கழுவிக்கொண்டிருந்தார்கள். அதனால் ஸ்டேஷனில் எந்தக் குழாயைத் திறந்தாலும் காற்றுதான் வந்தது. கண் கழுவும் குழாயும் அதே டேங்கில் இருந்து வருவதுதான். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் வேலை செய்தோம்.

காஸ்டிக் குழாய் ஒன்று அடைத்திருந்தது. கெட்டிக் காஸ்டிக் ஓடாமல் நின்றால் உள்ளே கல் மாதிரி இறுகிவிடும். மில் ஓடாத நேரத்தில் சரி செய்துவிடு என்று எங்களை மேய்க்கும் மண்டோர் சேகரிடம் சொன்னார். சேகர் ஜாயிண்டைக் கழற்றினான். வேர்வையில் பாதுகாப்புக் கண்ணாடி மங்கியிருக்கிறது என்று நெற்றிக்கு ஏற்றி விட்டிருந்தான். அடைப்புக்குப் பின்னால் அழுத்தம் இருந்தது.

பெரிய சத்தம் இல்லை. ஸ்ஸ் என்று ஒரு சீறல். சேகர் பின்னால் சாய்ந்து உட்கார்ந்துவிட்டான். இடது கன்னம், இடது கண், மூக்கு, கொஞ்சம் வலது கண்.

"சுக்கா! சுக்கா குடுங்கடா!" என்றுதான் முதலில் கத்தினான்.

மண்டோர் பக்கத்தில் நின்றார். நல்ல மனிதர், வேலை தெரிந்தவர். கை நேராகப் போத்தலுக்குப் போய்விட்டது. மூடியைத் திறந்து குனிந்தும்விட்டார். யாராக இருந்தாலும் கை அங்கேதான் போயிருக்கும். வழுக்கினால் சுக்கா என்று எங்கள் கைகளுக்கே பழகிப் போயிருந்தது.

நான் போத்தலைப் பிடுங்கி எறிந்தேன்.

"யோவ் மணியம், பைத்தியமா ஒனக்கு? அது காஸ்டிக்யா, இது ஆசிட். ரெண்டும் சரியாப் போயிரும்யா!"

"கண்ணு மண்டோரே. தண்ணிதான்."

அவர் சொன்ன கணக்கு காகிதத்தில் சரி. காஸ்டிக்கின் பதினான்கையும் சுக்காவின் மூன்றையும் சேர்த்தால் நடுவில் ஏழில் வந்து நிற்கும் என்று தோன்றும். நிற்காது. காஸ்டிக் பலம், சுக்கா பலமில்லாதது. எவ்வளவுக்கு எவ்வளவு ஊற்றினால் சரியாகும் என்று தொட்டியிலேயே அளந்து அளந்து பார்த்துத்தான் ஊற்றுகிறோம். கண்ணுக்குள் எதை வைத்து அளப்பீர்கள்? இரண்டும் சேரும்போது சூடு வேறு வரும். அப்புறம் அந்தப் போத்தலில் இருந்தது எவ்வளவு? நாலு மடக்கு. கண்ணில் விழுந்தால் அதைச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள். அடித்து வெளியே தள்ளுங்கள். அதற்கு நிறையத் தண்ணீர் வேண்டும்.

தண்ணீர்தான் இல்லை.

குடிக்க வைத்திருந்த தண்ணீரை முதலில் ஊற்றினோம். உடனே தீர்ந்துவிட்டது. பிறகு இருந்தது ஆற்றுப் பக்கத்துப் பரீட் தண்ணீர் ஒன்றுதான். மில்லுக்குப் பின்னால் ஓடும் வடிகால் அது. நம் பக்கத்து மண் உங்களுக்குத் தெரியும். தண்ணீர் பால் ஊற்றாத கோப்பி ஓ மாதிரி கறுப்பாக வரும். இலை, சேறு, எலி, எல்லாம் அதில் உண்டு. ஆனால் அந்தப் பம்புக்குத் தனி மின்சாரம், அது ஓடும்.

"பரீட் பம்பப் போடு" என்றேன் மல்லிகாவிடம்.

"அண்ணே, அது நாலுண்ணே. காலையிலதான் பாத்தேன்."

"போடு."

போட்டுவிட்டது. கேள்வி கேட்டுக்கொண்டே ஓடியது, ஆனால் ஓடியது. ஹோசை இழுத்துக்கொண்டு வந்ததும் அதுதான்.

நாலு என்றால் புளிப்புதான். ஆனால் இலை மக்கி வந்த புளிப்பு, பலமில்லாதது. தண்ணீரோடு வைத்துப் பார்த்தால் ஒன்றுமே இல்லாத அளவு. கண்ணுக்குள் இருந்ததோ பதினான்கு. அழுக்குத் தண்ணீரால் கண்ணில் சீழ் வைக்கலாம், காய்ச்சல் வரலாம். அது நாளைக்கு வருவது. காஸ்டிக் இப்போது தின்றுகொண்டிருந்தது. நாளைக்கு வருவதை நாளைக்குப் பார்க்கலாம் என்று முடிவு செய்தேன். நான் அப்படி முடிவு செய்தேன் என்பதைத்தான் சொல்கிறேன். தப்பாகவும் போயிருக்கலாம்.

ஆனால் சேகர் கண்ணைத் திறக்கவில்லை. திறக்க முடியாது. கண் தானாக இறுக்கி மூடிக்கொள்ளும். மூடிய கண்மேல் எவ்வளவு ஊற்றினாலும் முகம்தான் கழுவப்படும். காஸ்டிக் உள்ளேயே இருக்கும். கையால் வேறு மறைத்துக்கொண்டான். இரண்டு பேர் கையைப் பிடிக்க வேண்டியிருந்தது. நான் அவன் நெஞ்சில் உட்கார்ந்தேன்.

எனக்கு இரண்டு கை. அவனுக்கு இரண்டு கண். ஹோஸ் ஒன்று. ஒரு கண்ணைத் திறந்து பிடிக்க எனக்கு இரண்டு கையும் வேண்டும்.

இடது கண்ணில்தான் நிறையப் பட்டிருந்தது. இமை வீங்கி ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் பிரித்துப் பார்த்தேன். வழுக்கியது, பிடி கிடைக்கவில்லை. விட்டுவிட்டு வலது கண்ணுக்குப் போனேன். அது திறந்தது.

"ஊத்து" என்றேன். மல்லிகா ஊற்றியது.

சேகர் கத்தினான். என் குடும்பத்தில் ஒருவரையும் விடாமல் திட்டினான். "நீ ஒக்காந்திருக்கறது என் நெஞ்சுண்ணே, நாக்காலி இல்ல!" என்றான். மூச்சு இருக்கிறது, பேச்சு இருக்கிறது, நல்லது என்று நினைத்தேன்.

வலது கண்ணில் தண்ணீர் நன்றாக ஓடிய பிறகு இடதுக்கு வந்தேன். என் சட்டைத் துணியை விரலில் சுற்றிக்கொண்டு பிரித்தேன். அதற்குள் தண்ணீர் பட்டு வழுக்கலும் கொஞ்சம் போயிருந்தது. திறந்தது. கறுப்பு விழிமேல் பால் மாதிரி ஒரு படலம். பார்த்தேன். மல்லிகாவும் பார்த்தது. ஊற்றிக்கொண்டே இருந்தது.

மண்டோர் காரை வாசலுக்குக் கொண்டுவந்துவிட்டார். "போதும்யா, தூக்கு! தஞ்சோங் காராங் இருவது நிமிசம். டாக்டர் பாக்கட்டும்."

"இன்னும் ஊத்தணும்."

"செத்துக் கித்துப் போனான்னா நீயா பதில் சொல்லுவ?"

"சாக மாட்டான். கண்ணுதான் போகும்."

இந்த நேரத்தில் சேகர் அமைதியானான். உடம்பு தளர்ந்தது. "அண்ணே, வலி கொறஞ்சிருச்சுண்ணே. போதும்லா. விடுங்க. ஆஸ்பத்திரிக்கே போலாம்."

மண்டோர் என்னைப் பார்த்தார். கையைப் பிடித்திருந்தவர்கள் பிடியைத் தளர்த்தினார்கள். எல்லோருக்கும் ஒரு நிம்மதி. அவனே சொல்லிவிட்டானே, வலி இல்லையே.

புதிதாக வந்தவர்கள் இந்த இடத்தை இன்னொரு தடவை படியுங்கள். ஆசிட் பட்டால் கத்த வைக்கும். பட்ட இடத்தைச் சுட்டு, மேலே ஒரு பொருக்குக் கட்டிவிடும். அநேகமாக அந்தப் பொருக்கே அதைத் தடுத்துவிடும். காஸ்டிக்குப் பொருக்குக் கிடையாது. கரைத்துக்கொண்டே உள்ளே போகும். போகிற வழியில் வலியைச் சொல்லும் நரம்பையும் கரைக்கும். வலி குறைந்தது என்றால் சரியாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. அநேகமாக அதற்கு எதிர்தான்.

"கையப் புடிங்க" என்றேன். "மல்லிகா, நிறுத்தாத."

மண்டோர் கையில் கார் சாவியோடு நின்றார். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மற்றவர்கள் என்னைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டு அவனைக் காரில் ஏற்றியிருப்பார்கள். அவர்தான் மேலாள். சொல்லவில்லை. சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, குனிந்து சேகரின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "ஆட்டாதடா தம்பி" என்றார்.

பிறகு காரில் போகவில்லை. ஆள் ஏற்றும் லோரியில் போனோம். பின்னால் ஒரு டிரம் நிறைய அதே கறுப்புத் தண்ணீர். சேகரைப் படுக்க வைத்து, மல்லிகா பால் டின்னால் மொண்டு மொண்டு ஊற்ற, நான் கண்ணைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு போனேன். வயலுக்கு நடுவே தாலி ஆயர் வாய்க்கால் ஓரமாகப் போகும் ரோடு அது. லோரி குலுங்கும்போதெல்லாம் தண்ணீர் அவன் மூக்கில் போனது. இருமினான், துப்பினான். நாற்று நட்டுக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். இரண்டு பேர் லோரியில் உட்கார்ந்து ஒருவனைக் கொல்கிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒரு மலாய் டாக்டர், சின்ன வயதுப் பெண். என்ன பட்டது என்று கேட்டார். காஸ்டிக் என்றேன். எதைக் கொண்டு கழுவினீர்கள் என்று கேட்டார். பரீட் தண்ணீர் என்றேன். என் கையைப் பார்த்தார். கறுப்பாக இருந்தது.

இழுப்பறையில் இருந்து ஒரு காகிதத் துண்டை எடுத்தார். நாம் தொட்டியில் நனைத்துப் பார்க்கிறோமே, அதே நிறம் மாறும் காகிதம். அதன் நுனியைச் சேகரின் கீழ் இமைக்குள் வைத்தார். நீலமாக மாறியது.

"பெலும்" என்றார். இன்னும் இல்லை என்று அர்த்தம்.

சலைன் பையைத் தொங்கவிட்டு அதன் குழாயைக் கண்ணுக்கு நேராகப் பிடித்தார்கள். பை தீர்ந்ததும் அடுத்த பை. மறுபடி காகிதம். பச்சை. மறுபடி பை. வலது கண் முதலில் ஏழுக்கு வந்தது. இடது கண்ணுக்கு வெகுநேரம் ஆனது. ஏழு வந்த பிறகும் டாக்டர் விடவில்லை. கொஞ்சம் பொறுத்திருந்து மறுபடி காகிதம் வைத்தார். உள்ளே ஊறியது மெல்லத் திரும்பி வெளியே வரும், அதனால் பொறுத்துப் பார்க்க வேண்டும் என்றார். தொட்டியைக் கலக்கிவிட்டுப் பொறுத்துப் பார்க்கிறோம் அல்லவா, அதே மாதிரிதான்.

எல்லாம் முடிந்த பிறகு நான் கேட்டேன். அழுக்குத் தண்ணீர் ஊற்றியது தப்பா என்று.

"கிருமிக்கு என்னிடம் மருந்து இருக்கிறது" என்றார் மலாயில். "வெந்த கண்ணுக்கு இல்லை." அவ்வளவுதான் சொன்னார். அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விட்டார்.

கிருமி வரத்தான் செய்தது. இரண்டு கண்ணிலும் சீழ். சொட்டு மருந்து, ஊசி. அது அடங்கியது. கட்டுப் பிரித்தபோது வலது கண் பார்த்தது. முதலில் மங்கல், பிறகு பழையபடி. இடது கண்ணைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கேயும் பார்த்தார்கள். அது வரவில்லை.

லோரி லைசென்ஸ் பயனில்லாமல் போனது. சேகர் எடைமேடைக்கு மாறினான். அவன் மனைவி என்னிடம் வந்து அழுதுகொண்டே நன்றி சொன்னது. சேகர் சொல்லவில்லை. என்னோடு பேசுவதையே விட்டுவிட்டான். எடைமேடை ஜன்னல் வழியாக என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வான். நான் போய்க் கேட்கவில்லை. கண் போனவனிடம் என்ன கேட்பது?

மில்லில் கண் கழுவும் குழாய்க்கு என்று தனி டேங்க் கட்டினார்கள். ஸ்டேஷன் வாசலில் உயரத்தில் இருக்கிறதே, அதுதான். அதில் தண்ணீர் இல்லாமல் எந்த வேலையையும் தொடாதீர்கள். யார் சொன்னாலும் தொடாதீர்கள்.

ரொம்ப நாள் கழித்து, தஞ்சோங் காராங்கில் ஒரு கோப்பிக் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தேன். எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு ஒருவன் உட்கார்ந்தான். சேகர்.

நல்லா இருக்கியா என்று நானும் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை. அவனுக்கும் ஒரு தே வந்தது.

"ஒன்னு கேக்கணும்ணே."

"கேளு."

"இடதுலதான நெறையப் பட்டுச்சு?"

"ஆமா."

"ஒனக்குத் தெரிஞ்சுச்சா அப்பவே?"

"தெரிஞ்சுச்சு."

"அப்பறம் ஏன் வலத மொதல்ல கழுவுன?"

"அதுதான் தெறந்துச்சு."

அவன் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான். நுரை அடங்கிவிட்டது.

"நான் ஒன் எடத்துல இருந்திருந்தா இடதத்தான் புடிச்சிருப்பேன்."

"எல்லாரும் அதத்தான் புடிப்பாங்க."

"அப்ப வலது..."

"அதுவும் போயிருக்கும்."

ம் என்றான். தேயைக் குடித்து முடித்தான். எழுந்து நின்றபடி, "நீ எடை ஏறிட்டண்ணே. இப்ப எவன் நெஞ்சுலயும் ஒக்காந்திராத, செத்துருவான்" என்றான். பிறகு ரோட்டுக்கு இறங்கினான். ஓரத்தில் நின்று, தலையை முழுசாக இடது பக்கம் திருப்பிப் பார்த்தான். ஒரு டிராக்டர் போகும் வரை நின்றான். கடந்து போனான்.